திரும்பும் கம்பி

4 பிப்ரவரி

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மீட்டர் பெட்டிக்குள் வைக்கிறேன். உன் மீட்டரும் என் மீட்டரும் இன்னும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடம் அது ஒன்றுதான். தினமும் காலையில் அதைத் திறந்து உன் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று நீ பார்ப்பது எனக்குத் தெரியும். ஆகவே தபால்காரர் தேவையில்லை.

இரண்டு புகார்கள்.

ஒன்று, மீன். மாடியில் மீன் பொரிக்கிறீர்கள். பொரித்துக்கொள்ளுங்கள், உங்கள் வாய், உங்கள் சட்டி. ஆனால் அந்த வாடை என் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜன்னல்களைத் திறந்து வைத்துப் பார்த்தேன். ஊதுவத்தி கொளுத்திப் பார்த்தேன். வாசல் கதவுக்கு மேலே நின்றுகொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. எனக்கு மீன் வாடை ஆகாது என்று உன் வீட்டுக்காரிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பொரிக்கிறாள்.

இரண்டு, தடி. நான் காய்கறிக்கோ மருந்துக்கோ வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறக்க வேண்டியதுதான், மேலேயிருந்து தரையில் டொக் டொக் என்று தடியால் இடிக்கிறாள். என் தலைக்கு மேலே இருப்பது அவளுக்குத் தரை, எனக்குக் கூரை. நான் போவதையும் வருவதையும் இடித்துக் காட்ட இவள் யார்?

சுவர் வைத்துப் பிரித்த பிறகும் நிம்மதி இல்லை என்றால் எதற்குச் சுவர்?

அக்கா


6 பிப்ரவரி

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் கேட்காவிட்டாலும் சில விவரங்களைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் மீன் வாங்கி மாதக்கணக்காகிறது. என் மனைவிக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து மூச்சுக்கு மிஷின் வைத்திருக்கிறோம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும் மிஷின். அது கரண்டில் ஓடுகிறது. எண்ணெய்ப் புகை பட்டாலே இருமுகிறாள். இதில் மீன் எங்கே பொரிப்பது?

தடியைப் பற்றி. நீங்கள் வெளியே போகும்போதெல்லாம் எங்கள் கரண்ட் போகிறது. நீங்கள் திரும்பி வந்ததும் வருகிறது. மிஷின் வருவதற்கு முன் இத்தனை வருஷமும் தெருவுக்கே பவர் கட் என்று விட்டுவிட்டேன், அப்புறமும் முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தேன். பிறகு மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். நீங்கள் கேட்டைப் பூட்டும்போது மிஷின் நின்றிருக்கும். எங்களிடம் அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறது. அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். நீங்கள் மருந்துக்கடையில் வரிசையில் நிற்கும் நேரத்தில் இங்கே அவள் சிலிண்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் வந்த பிறகு இடிக்கிறாளே, அது கோபம். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"உங்க அக்கா கைப்பையோட என் மூச்சையும் எடுத்துக்கிட்டுப் போறாங்க" என்கிறாள்.

என்மேல் உள்ள வருத்தத்தை என்னோடு தீர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கரண்டைத் தொடாதீர்கள்.

மாடி


7 பிப்ரவரி

தம்பிக்கு,

நான் தொட்டது என் மெயின் ஸ்விட்சை. வெளியே கிளம்பும்போது மெயினை இறக்கிவிட்டுப் போவது என் பழக்கம். நான் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த காலத்திலேயே வந்த பழக்கம். அங்கே ஆபரேட்டர் அறையில் ஒரு தடவை தீப்பிடித்ததைப் பார்த்தவள் நான். ஆள் இல்லாத வீட்டில் கரண்ட் இருக்கக்கூடாது. உன்னைத் தூக்கி வளர்த்த நாளிலும் அப்படித்தான் செய்தேன். நீ மறந்திருப்பாய்.

உனக்குத் தனி மீட்டர், தனி மெயின். பாகம் பிரித்த அன்றே வைத்துக்கொண்டாய். என் மெயினை நான் இறக்கினால் உன் விளக்கு எப்படி அணையும்? எனக்கு மந்திரம் தெரியாது.

மிஷின் சமாச்சாரம் எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. தலைக்கு மேலே ஒரு மனுஷிக்கு மூச்சு முட்டுவது கீழே இருப்பவளுக்கு மீட்டர் பெட்டி வழியாகத் தெரிய வேண்டியிருக்கிறது.

இதையும் எழுதிவிடுகிறேன். அந்தத் தனி மீட்டரை வைத்தவன் யார் என்று ஞாபகம் இருக்கிறதா? உன் வீட்டுக்காரி கூட்டி வந்த எலக்ட்ரீஷியன்தானே? நான் புத்தகம் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி, என் கையால் சமையலறைக்கு வயரிங் இழுத்திருந்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டு "இது யாரு பண்ணது, டெய்லரா?" என்று கேட்டான். அவள் சிரித்தாள். அவன் சிரித்ததை மறந்துவிட்டேன். அவள் சிரித்ததை மறக்கவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் என் கூடத்துக்கும் மாடிப்படிக்கும் நடுவே நான் சுவர் கேட்டேன்.

உன் மாடியில் கோளாறு இருந்தால் உன் மாடியில் தேடு. என் வாசலுக்கு எந்த எலக்ட்ரீஷியனும் வரக்கூடாது.

அக்கா


12 பிப்ரவரி

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

மாடியில் தேடினேன். ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தேன். பழைய ஆள் இல்லை, வேறு ஆள். காதில் எப்போதும் டெஸ்டர் செருகியிருப்பதால் தெருவில் அவரை டெஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள். வேலையைவிட வாய் அதிகம். ஆனாலும் வேலை தெரிந்தவர்.

அவளைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு எங்கள் மெயினை இறக்கினோம். அவர் நேராக மாடிப்படி ஸ்விட்சைக் கழற்றினார். அடுத்த நொடி "யம்மா!" என்று ஒரு அலறல். நாலு படி உருண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தார்.

"மெயினை இறக்கிட்டேன்னு சொன்னீங்களே சார்!"

"இறக்கித்தான் இருக்கு. நீங்களே பாருங்க."

"அப்ப என்னை அடிச்சது யாரு, உங்க தாத்தாவா?"

உடனே மெயினை ஏற்றி அவளை மறுபடி மிஷினுக்கு மாற்றினேன். அன்று முழுவதும் அவர் ஒவ்வொரு கம்பியாகத் தேடிவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கரண்டுக்குப் போறதுக்கு ஒரு கம்பி, திரும்பி வர்றதுக்கு ஒரு கம்பி. போறது உங்க மீட்டர்லேருந்து ஒழுங்காப் போகுது சார். தனி மீட்டர் வெச்ச புண்ணியவான் திரும்புற கம்பியை மாத்தவே இல்ல. மாடில எரியுற மொத்தக் கரண்டும் கீழ அக்கா வீட்டுக் கூடத்து வழியா, அந்தக் காலத்து ஒத்தைக் கம்பில திரும்புது. அவங்க மெயின் ரெண்டு கம்பியையும் வெட்டுற மெயின். அதை இறக்கினா உங்களுக்குப் போக வழி இருக்கு, திரும்ப வழி இல்ல. அப்புறம் எப்படி எரியும்? படி விளக்கு இதுக்கு நேர் தலைகீழ். அதுக்குப் போற கம்பி கீழேருந்து வருது. அதான் என்னை உதைச்சுது."

ஆக, நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. நான் அப்படி எழுதியது தவறு.

பிரித்துவிட்டோம் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கம்பிக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் உங்கள் கூடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். அந்தப் பழைய கம்பி இந்த மிஷின் சுமையைத் தாங்காது என்கிறார். தயவுசெய்து அனுமதியுங்கள். அதுவரை மெயினை இறக்க வேண்டாம்.

மாடி


13 பிப்ரவரி

தம்பிக்கு,

டெய்லர் என்று சிரித்தவன் செய்த வேலை இது. நான் இழுத்த வயரிங் இன்றுவரை ஒருவரையும் படியில் உருட்டவில்லை. இதை உன் வீட்டுக்காரிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

மீன் அகப்பட்டது.

நேற்று உன் கடிதத்தைப் படித்ததும் ஸ்டூல் போட்டு ஏறினேன். வாசல் கதவுக்கு மேலே, கம்பிகள் ஒன்றுசேரும் இடத்தில் ஒரு வட்டமான மரக்கட்டை உண்டு. எனக்குப் பார்வை மங்கலாக இருந்தாலும் மூக்கு சரியாக இருக்கிறது. வாடை அதிலிருந்துதான். கட்டை பாதி கருகியிருக்கிறது. சுற்றிலும் சுவரில் தேநீர் கொட்டியதுபோல் பழுப்பு. பக்கத்தில் போகும் வயரை விரல் நுனியால் மெதுவாகத் தொட்டேன். ரப்பர் காய்ந்த சருகுபோல் உதிர்ந்து கம்பி தெரிந்தது. நான் தொடக்கூடாதுதான். என் வீடு, தொட்டேன். கட்டை அடுப்புக் கல்போல் சுட்டது.

பழைய கம்பி சூடானால் இப்படித்தான் நாறும் என்று தியேட்டரில் ஆபரேட்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உன் மிஷின் வந்த பிறகுதான் இந்த வாடையும் வந்திருக்கிறது. என் விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தேன். சூடு குறையவில்லை. அது என் கரண்ட் இல்லை, உன்னுடையது. என் கூடத்தில் வந்து எரிகிறது.

ஆள் வேண்டாம். வந்தால் அவன் சொல்லப்போகும் முதல் வார்த்தை எனக்குத் தெரியும்: "வீட்டைக் காலி பண்ணுங்கம்மா, எல்லாத்தையும் பேர்த்து மாத்தணும்." ஒரு தடவை பெட்டியோடு இந்த வாசலைத் தாண்டினால் திரும்பி வருவது என் கையில் இருக்காது. வயதானவர்களை இப்படித்தான் கொஞ்ச நாளைக்கு என்று அழைத்துப் போவார்கள்.

கதவுக்குக் கீழே நாற்காலி போட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு வாளி மணல். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


19 பிப்ரவரி

அக்காவுக்கு,

மணல் வாளியோடு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பீர்கள்?

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன், நீங்கள் சொன்னபடி சத்தமாகவே. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். பிறகு இதை எழுதச் சொன்னாள். மறுத்தேன், விடவில்லை. "அன்னிக்கு நான் சிரிச்சது நெஜம். லைட் போடலாம்னு ஸ்விட்சைத் தட்டினா மிக்ஸி ஓடுது. மிக்ஸி ஸ்விட்சைத் தட்டினா லைட் எரியுது. யாருதான் சிரிக்க மாட்டாங்க? அதுக்கு ஒருத்தி சுவரா வெப்பா?"

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வேலையை முடிக்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அங்க போனவங்க எல்லாரும் திரும்பியா வராங்க? என்னை இங்கேயே விட்டுடுங்க" என்கிறாள். நீங்களும் அவளும் ஒரே வார்த்தையைச் சொல்கிறீர்கள். நடுவில் தளம் ஒன்றுதான் இருக்கிறது.

இன்னொன்று. தெருமுனைக் கடைக்காரர் இன்று என்னிடம் கேட்டார்: "அக்காவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆயிடுச்சா? தேதி போன வாரமே வந்துச்சே." எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஏன் போகவில்லை? அவர் கடைக்கும் நீங்கள் வரவில்லையாம். என்ன சாப்பிடுகிறீர்கள்?

நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். நீங்கள் கேட்டைத் திறந்தே பல நாளாகிறது.

தம்பி


20 பிப்ரவரி

தம்பிக்கு,

எப்படிப் போவது?

மெயினை இறக்கிவிட்டுப் போனால் மேலே மூச்சு நிற்கும். இறக்காமல் போனால் இங்கே கட்டை பற்றும். வீடு பற்றினால் மேலே இருப்பவள் எப்படி இறங்குவாள்? குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு படியில் ஓடுவாளா? இதை யோசிக்காமல் கண் ஆபரேஷன், காய்கறி என்று எழுதியிருக்கிறாய். நான் வைத்த சுவருக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்கென்ன, ஜன்னல் இருக்கிறது.

நாற்காலியிலேயே தூங்கப் பழகிவிட்டேன். மூக்கு என்னை எழுப்பிவிடும். சோறும் ஊறுகாயும் இருக்கிறது.

மிக்ஸி ஓடியது உண்மை. அது நன்றாகவே ஓடியது என்பதையும் அவளிடம் சொல்.

அந்த டெஸ்டரை வரச் சொல். நிபந்தனைகள் உண்டு. என் சமையலறை வயரிங்கைத் தொடக்கூடாது, அதைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது. "காலி" என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வரக்கூடாது. வேலை நடக்கும்போது நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன், என்னைச் சுற்றிக்கொண்டு செய்யட்டும். எனக்காகச் செய்கிறேன் என்று யாரும் என்னிடம் சொல்லக்கூடாது.

அக்கா


24 பிப்ரவரி

அக்காவுக்கு,

நேற்று நீ கீழே உட்கார்ந்திருந்தாய், நான் மேலே இருந்தேன். மேலே நடந்தது உனக்குத் தெரியாது, எழுதுகிறேன்.

டெஸ்டர் காலையில் முதலில் படிச்சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்தார். புதுக் கம்பிகளை அந்தச் சுவர் வழியாகத்தான் ஏற்ற வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். "மாட்டவே மாட்டேன் சார். பழைய கம்பி எல்லாத்தையும் உயிரோட வெச்சுப் பூசிட்டாங்க. எங்க ஓடுதுன்னு கட்டினவனுக்கே தெரியாது. டிரில் வெச்சா நான் தாத்தாகிட்ட போயிடுவேன்" என்றார். அந்தப் பக்கம் வெளிச்சுவரும் இல்லை, பக்கத்து வீடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. "இருக்குறது ஒரே வழி. கூடத்துக் கூரையில ஓட்டை போட்டு நேரா அண்ணி கட்டில்கிட்ட ஏத்துறேன். கீழ அந்த அம்மாகிட்ட நீங்க கேளுங்க, எனக்கு பயமா இருக்கு" என்றார். கடைசியில் அவரே கேட்டபோது, சம்மதம் என்று நீ தலையை மட்டும் ஆட்டினாயாம். உன் தலைமேல் கோணி போர்த்திவிட்டு ஓட்டை போட்டதாகச் சொன்னார்.

புதுக் கம்பிகள் இரண்டும், போவதும் வருவதும், கட்டிலருகே தரையைத் துளைத்துக்கொண்டு வந்தன. கடைசியாக மாற்றிப் பூட்டத்தான் கரண்டை நிறுத்த வேண்டியிருந்தது. சிலிண்டரைத் திறந்தேன். "அஞ்சே நிமிஷம்" என்று கத்திவிட்டு டெஸ்டர் கீழே ஓடினார். அவருடைய ஐந்து நிமிஷம் உனக்குத் தெரிந்திருக்கும். மீட்டர் பக்கத்தில் ஒரு திருகு துருவேறிச் சுற்றவில்லையாம். முள் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் உதடு நிறம் மாற ஆரம்பித்தது. நான் தரையில் படுத்து ஓட்டைக்குள் வாயை வைத்து "ஆச்சா, ஆச்சா" என்று கத்தினேன். கட்டிலில் இருந்து கையை நீட்டி என்னைத் தள்ளிவிட்டு, குனிந்து, அவளே பேசினாள்.

"யாரு கீழ, மீன்காரியா?"

பத்து வருஷத்துக்குப் பிறகு அவள் உன்னிடம் பேசிய முதல் வார்த்தை.

கீழேயிருந்து உன் குரல் வந்தது. "பேசாம மூச்சை விடு. வாயாடி."

அதற்கு அவள் சிரித்தாள். சிரிக்க மூச்சு இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் பயந்துபோனேன். அப்புறம் கீழே நீ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. எழுந்திருக்க மாட்டேன் என்றவள் எழுந்துவிட்டாய் என்று புரிந்தது. டெஸ்டர் பிறகு சொன்னார், நீ ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி, சமையலறைச் சுத்தியலால் அதன் பிடியில் ஒரு போடு போட்டுத் திருகினாயாம். "அந்த அடியில துரு இல்ல சார், நானே கழண்டுட்டேன்" என்றார்.

மிஷின் ஓட ஆரம்பித்தது.

இன்று காலை அவள் கஞ்சி முழுவதும் குடித்தாள். கட்டை எப்படி இருக்கிறது?

தம்பி


25 பிப்ரவரி

தம்பிக்கு,

கட்டை ஜில்லென்று இருக்கிறது. கருகியதை டெஸ்டர் மாற்றிவிட்டான். வாடை இல்லை. "மீதி வயரிங்கும் இதே வயசுதான்மா, மாத்தித்தான் ஆகணும்" என்றான். காலி என்ற வார்த்தையைச் சொல்லாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒவ்வொரு அறையாக, நான் பக்கத்து அறையில் இருக்கும்போது மாற்று என்று சொல்லியிருக்கிறேன். சமையலறை கடைசி.

படி விளக்கை யார் பக்கம் சேர்ப்பது என்று கேட்டான். இரண்டு கம்பியும் ஒரே வீட்டிலிருந்துதான் வர வேண்டுமாம், பாதிப் பாதி கூடாதாம். என் பக்கம் போடச் சொல்லிவிட்டேன். இதில் பேச்சுக்கு இடமில்லை. இனி என் மெயினை இறக்கினால் உன் வீட்டில் எதுவும் அணையாது. படி விளக்கு மட்டும் அணையும். அது அணைந்திருந்தால் நான் வீட்டில் இல்லை என்று தெரிந்துகொள். ஜன்னலில் நின்று உளவு பார்க்க வேண்டாம். பகலிலும் எரியவிடுகிறேன்.

என்னை "நீ" என்று எழுதியிருக்கிறாய். கவனித்தேன்.

கூரையில் கம்பியைச் சுற்றி இன்னும் ஒரு விரல் அளவு இடைவெளி இருக்கிறது. மிஷின் ஓடுவது நாற்காலிக்குக் கேட்கிறது. பூசுவதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அக்கா


3 மார்ச்

அக்கா,

நேற்று சாயங்காலம் படி விளக்கு அணைந்தது. அவளிடம் சொன்னேன். "எங்க போறாங்க? கண்ணு ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டுவிட்டு ஓட்டையில் காதை வைத்தாள். கீழே சத்தமே இல்லை. ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, விளக்கு மறுபடியும் எரிந்தது.

எங்கே போய் வந்தாய்?

தம்பி


4 மார்ச்

தம்பிக்கு,

எங்கும் போகவில்லை.

கைப்பையில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்துக்கொண்டு மெயினை இறக்கினேன். கேட்டைப் பூட்டித் தெருவில் இறங்கினேன். எதிர்ப்பக்கம் போய் நின்று வீட்டைப் பார்த்தேன். கண் மங்கல் என்றாலும் வெளிச்சம் தெரியும். கீழே இருட்டு. மாடியில் அவள் அறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தடவையும் பார்த்ததில்லை. நான் வெளியே இருந்தால் வீடு முழுக்க இருட்டாகத்தான் இருந்திருக்கிறது, நான் திரும்பிப் பார்க்காததால் தெரியவில்லை.

நான் இல்லாமலே எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

கொஞ்ச நேரம் நின்றேன். கம்பி கழன்றுவிட்டது, இனி யாரும் என்னைப் பிடித்து வைத்திருக்கவில்லை, போகலாம். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து, எங்கே போக வேண்டும் என்பதைக் கால் மறந்துவிட்டது. பஸ் ஒன்று வந்து நின்றுவிட்டுப் போயிற்று. நான் கேட்டைத் திறந்து உள்ளே வந்து மெயினை ஏற்றினேன். ஏற்றியதும் மேலே டொக் டொக் என்று இரண்டு இடி. இந்த முறை எதற்கு இடித்தாள் என்று கேட்டுச் சொல்.

புதிய தேதி அடுத்த திங்கட்கிழமை. துணைக்கு வருகிறேன் என்று எழுதாதே, நீ அவள் பக்கத்தில் இரு. அன்று படி விளக்கு அணைந்து ரொம்ப நேரம் எரியாமல் இருந்தால் போய்விட்டேன் என்று வைத்துக்கொள். உடனே எரிந்தால், தெரு வரைக்கும்தான் போனேன்.

அக்கா